மாய ராஜ்யத்தில் தள்ளுவண்டி

மகனோ மகளோ அமெரிக்காவில் குடியேறியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இன்று அநேகம். பேரக் குழந்தைகளைப் பார்ப்பதற்காகக் கடல் கடந்து செல்லும் தாத்தா பாட்டிமாரின் யாத்திரைப் பட்டியலில் நயாகரா நீர்வீழ்ச்சி ஒன்று என்றால், ப்ளாரிடா மாகாணத்து டிஸ்னி உலகம் மற்றொன்று. அந்த ஸ்தலத்தின் கோட்டை கொத்தளங்களைப் பற்றியும் வாணவேடிக்கைகளைப் பற்றியும் எழுதியவர்கள் பலர். ஆகையால் நாம் அவற்றைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, அங்கே குடும்பத்துக்குக் குடும்பம் சச்சரவை விளைவிக்கும் ஒரு சிறு பொருளைப் பற்றி எழுதப் புகுந்தோம். அந்தப் பொருள் தள்ளுவண்டி.

நம் ஊரில் தள்ளுவண்டி என்றால் வாழைப்பழமும் வேர்க்கடலையுமே நினைவுக்கு வரும். அங்கே அதில் ஏறி வருவது குழந்தைகள். கைக்குழந்தை ஏறி வந்தால் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் படிக்கும் பிள்ளைகள், முழங்கால் மார்பில் இடிக்க, பாதம் தரையில் உரச, ராஜகுமாரர்களைப் போல் சாய்ந்துகொண்டு வருவதைக் கண்டால் நம்மவர்களுக்கு மனம் பொறுப்பதில்லை. "நடக்கத் தெரிந்த குழந்தைக்கு வண்டி எதற்கு?" என்ற கேள்வி எழுகிறது. கேள்வி நியாயமானதுதான். விடை மட்டும் அவ்வளவு எளிதாக இல்லை.

முதலில் அந்த இடத்தின் விஸ்தீரணத்தைச் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவில் 1955-ஆம் வருஷம் தமது முதல் பூங்காவைத் திறந்த வால்ட் டிஸ்னி, இடம் போதவில்லை என்ற குறையினால் ப்ளாரிடாவின் சதுப்பு நிலங்களில் ஏறக்குறைய 27,000 ஏக்கரை வாங்கச் செய்தார். 1966-இல் அவர் காலமாகிவிட, அவருடைய தமையனார் ராய் டிஸ்னி முன்னின்று வேலையை முடித்து, 1971-ஆம் வருஷம் அக்டோபர் முதல் தேதி 'மாஜிக் கிங்டம்' என்னும் மாய ராஜ்யத்தைத் திறந்து வைத்தார். அதன் பிறகு 1982-இல் எப்காட், 1989-இல் சினிமாப் பூங்கா, 1998-இல் அனிமல் கிங்டம் என்னும் மிருக ராஜ்யம் என்று இன்னும் மூன்று சேர்ந்துகொண்டன.

மாய ராஜ்யத்துக்குக் காரில் செல்கிறவர்கள் வாசலிலேயே இறங்கிவிட முடியாது. மோட்டாரை வெகு தூரத்தில் நிறுத்திவிட்டு, ஒற்றைத் தண்டவாள ரயிலிலோ, ஏரியைக் கடக்கும் படகிலோ ஏறித்தான் கோட்டை வாசலை அடைய வேண்டும். திருவிழா ஆரம்பமாவதற்கு முன்பே குழந்தையின் கால்கள் ஒரு மண்டகப்படியை முடித்துவிடுகின்றன. எப்காட்டிலோ, ஓர் ஏரியைச் சுற்றிப் பதினொரு தேசங்களின் மண்டபங்களை நிறுவியிருக்கிறார்கள். ஒரு முறை பிரதக்ஷிணம் செய்தால் சுமார் ஒன்றேகால் மைல். மெக்ஸிகோ, நார்வே, சீனம், ஜப்பான், மொராக்கோ எல்லாம் உண்டு. பாரத தேசத்துக்கு மட்டும் அங்கே இடமில்லை. நமக்கு வருத்தந்தான். அந்தக் குறையை மிருக ராஜ்யத்தில் ஒருவாறு தீர்க்க முயன்றிருக்கிறார்கள். 'ஆனந்தபூர்' என்ற பெயரில் ஒரு கற்பனை ராஜ்யத்தை உண்டாக்கி, பாழடைந்த வேட்டை மாளிகை ஒன்றில் புலிகளை உலவ விட்டிருக்கிறார்கள். பெயர் சம்ஸ்கிருதமாக இருந்தாலும், அந்த ஆனந்தத்தை அடைவதற்கு நடக்க வேண்டிய தூரம் அமெரிக்க அளவில்தான் இருக்கிறது.

இவ்விதமாகக் காலை முதல் இரவு வாணவேடிக்கை வரையில் சுற்றுகிறவர்கள் ஒரே நாளில் எட்டு மைல், பத்து மைல் நடந்துவிடுவது சகஜம். இந்தக் கணக்கை நாம் வேறோர் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். 1930-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ராஜாஜியின் தலைமையில் உப்புச் சத்தியாக்கிரகத் தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து சென்றார்கள். சுமார் 150 மைல் தூரத்தை அவர்கள் கடந்தது ஏறக்குறைய பதினைந்து நாட்களில். ஆகச் சராசரி தினம் பத்து மைல். அவர்கள் பொறுக்கி எடுக்கப்பட்ட தொண்டர்கள். தேச விடுதலை என்ற லட்சியம் அவர்களை முன்னே தள்ளியது. அதே தூரத்தை, உருளைக்கிழங்கு வறுவலையும் ஐஸ்கிரீமையும் நம்பி, ஆறு வயதுக் குழந்தை ஒன்று நடக்க வேண்டுமென்று எதிர்பார்ப்பது சற்று அதிகமல்லவா?

மேலும், குழந்தைக்கு அது அதே தூரமும் அல்ல. தகப்பனார் ஓர் அடி வைக்கும் இடத்தில் குழந்தை இரண்டு அடி வைக்க வேண்டியிருக்கிறது. உடல் எடைக்கு எடை பார்த்தால், நடப்பதற்குச் சிறு குழந்தை செலவிடும் சக்தி பெரியவர்கள் செலவிடுவதைவிட அதிகம். வெயிலோ நம் சித்திரை மாதத்தை நினைவூட்டுகிறது. புழுக்கம் சென்னைக்குச் சளைத்ததல்ல. கோடையில் பிற்பகல் தோறும் இடியுடன் மழை கொட்டுகிறது. இவ்வளவுக்கும் நடுவே நிற்பது என்ற ஒன்று இருக்கிறது. வரிசையில் ஒரு மணி நேரம் அசையாமல் நிற்பது குழந்தைக்கு நடப்பதைவிடக் கொடிய தண்டனை.

இந்தச் சச்சரவு நம்மவர்களிடையே எப்படி நடக்கும் என்பதை ஏரிக்கரையில் ஒரு பெஞ்சில் அமர்ந்திருந்தபோது கேட்க நேர்ந்தது. தமிழ் கேட்டதும் காது தானாகவே திரும்பிவிட்டது. பாட்டியம்மாள் ஒருவர் மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"ஏண்டா, ஏழு வயசுப் பொண்ணை வண்டியிலே வச்சுத் தள்ளிக்கிட்டு வர்றியே, நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க?"

"இங்கே யாரும் யாரையும் பார்க்கிறதில்லை, அம்மா!"

"நான் பார்க்கிறேனே!"

மருமகள் ஒன்றும் பேசவில்லை. முகம் மட்டும் சிவந்துவிட்டது. பாட்டி குறை கூறியது வண்டியை அல்ல, தான் பிள்ளை வளர்க்கும் முறையை என்று அந்தப் பெண் எண்ணியிருக்க வேண்டும். சிறுமியோ இதை எல்லாம் கேட்டுக்கொண்டே மெதுவாக இறங்கி, வண்டிக்கு இரண்டு முழம் தள்ளி, அது தன்னுடையதே அல்ல என்பதுபோல் நடக்கத் தொடங்கினாள். இரவு எட்டு மணிக்கு அதே குடும்பத்தை மறுபடி கண்டோம். பாட்டியம்மாள்தான் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தார். முழங்கால் வலிக்கு அதன் கைப்பிடி நல்ல ஊன்றுகோலாக உதவிற்று போலும். உள்ளே பேத்தி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

பூங்காவின் சட்ட திட்டங்களைப் பார்த்தால் அதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. மூன்று வயது முதல் ஒன்பது வயது வரைதான் குழந்தைக் கட்டணம். பத்து வயது நிரம்பியவர் அங்கே பெரிய மனிதர். 'ஸ்பேஸ் மவுண்டன்' என்னும் இருட்டு ரயிலில் ஏற 44 அங்குல உயரம் வேண்டும். அந்த உயரத்தை அநேகமாக ஆறு வயதுக்குள் குழந்தைகள் எட்டிவிடுகிறார்கள். ஆகவே, பெரியவர்களே கண்ணை மூடிக்கொள்ளும் அந்த ரயிலில் தைரியமாகச் சென்று வந்த வீரன், வெளியே வந்ததும் வண்டியில் ஏறிக் கட்டை விரலை வாயில் வைத்துக்கொள்கிறான். ஆறு வயது என்பது அப்படிப்பட்ட வயதுதான். பள்ளிக்கூடத்தில் நாம் தினந்தோறும் காண்பதும் இதுவே: காலையில் வீரம், பிற்பகலில் தூக்கம்.

அங்கே வாடகைக்குக் கொடுக்கும் ஒற்றை வண்டிக்கு 50 ராத்தல் எடையை வரம்பாகச் சொல்கிறார்கள். ஏழு வயதுக் குழந்தையின் சராசரி எடை ஏறக்குறைய அவ்வளவுதான். வெளியிலிருந்து கொண்டுவரும் வண்டி 31 அங்குல அகலத்தையும் 52 அங்குல நீளத்தையும் தாண்டக் கூடாதென்று 2019-ஆம் வருஷம் மே மாதத்தில் விதி செய்தார்கள். இழுத்துச் செல்லும் பெட்டி வண்டிகளுக்கும் அப்போதே தடை விதித்தார்கள். கூட்டத்தில் பிறர் குதிகாலை வண்டிச் சக்கரம் பதம் பார்த்த அனுபவம் உள்ளவர்கள் இந்த விதியின் நியாயத்தை உணர்வார்கள். வேடிக்கைகளின் வாசலில் வண்டிகளை நிறுத்துவதற்கென்று தனியிடம் உண்டு. நாம் வைத்த இடத்திலேயே வண்டி இருக்கும் என்று நினைக்கக் கூடாது. ஊழியர்கள் அவ்வப்போது வரிசைப்படுத்தி நகர்த்திவிடுவார்கள். ஆகையால் பளிச்சென்ற ஒரு துணியைக் கைப்பிடியில் கட்டி வைப்பது நல்லது.

நடக்க முடியாத அளவுக்குக் குழந்தையைத் தூக்கிச் செல்லும் இந்தக் கலையில் பெரிய மாறுதல் செய்தவர் ஓவன் மக்லாரன் என்ற ஆங்கிலேய விமான இன்ஜினீயர். ஸ்பிட்பயர் போர் விமானத்தின் சக்கரங்களை மடக்கும் அமைப்பில் பணியாற்றிய அவர், 1965-இல் குடையைப்போல் மடக்கக்கூடிய அலுமினிய வண்டியை வகுத்தார். அதன் எடை சுமார் ஆறு ராத்தல்தான். போர்க் காலத்து வித்தை ஒன்று குழந்தைகளுக்கு உபயோகப்பட்டது குறித்து யாரும் மகிழலாம்.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விடலாகாது. உலக சுகாதார ஸ்தாபனம் 2019-இல் வெளியிட்ட யோசனைகளின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வண்டியில் கட்டி வைக்கக் கூடாது. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் தினம் மூன்று மணி நேரமாவது ஓடியாட வேண்டும். பெரிய குழந்தைகளுக்குத் தினம் சராசரி ஒரு மணி நேரம் நல்ல தேகப் பயிற்சி தேவை. அன்றாடம் கடைத் தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வண்டியிலேயே போகும் குழந்தைக்குக் கால்கள் எதற்கு என்ற கேள்வியை நாமும் கேட்கவே செய்வோம். ஆனால் வருஷத்தில் ஒரு நாள், பத்து மைல் சுற்றும் நாளில், நாலு மைலை வண்டியில் கழித்த குழந்தை சோம்பேறியாகிவிடாது. மீதி ஆறு மைலை அது நடந்தேயிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. வண்டியில் உட்கார்ந்திருக்கும் பத்து வயதுப் பையனைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள், அவனுடைய வண்டியில் சிவப்புச் சீட்டு ஒன்று கட்டப்பட்டிருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். உடற்குறையோ மனக்கிளர்ச்சியோ உள்ள குழந்தைகளுக்கு, அந்த வண்டியையே சக்கர நாற்காலியாகக் கருதி வரிசைக்குள்ளும் அனுமதிக்கும் அடையாளம் அது. இருதயக் கோளாறும் மூட்டு வலியும், பேரிரைச்சலைத் தாங்காத மனமும் வெளிப்பார்வைக்குத் தெரிவதில்லை. அந்தச் சீட்டு இல்லாவிட்டாலும், தெரியாத குழந்தையைப் பற்றித் தீர்ப்புக் கூறாமலிருப்பதே பண்பாடு.

நம்முடைய அபிப்பிராயம் என்னவென்றால், தவறு இருக்குமானால் அது குழந்தையின் காலில் இல்லை. நாளின் நீளத்தில் இருக்கிறது. ஒரு நாள் நுழைவுக்கு ஆளுக்கு நூறு டாலருக்கு மேல் கொடுத்துவிட்டு, கொடுத்த பணத்தை மணிக்கணக்கில் வசூல் செய்துவிட வேண்டுமென்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். அந்த வசூலுக்குக் குழந்தையின் கால்கள் வட்டி கட்டுகின்றன. நடுப்பகலில் விடுதிக்குத் திரும்பி இரண்டு மணி நேரம் உறங்கச் செய்து, வெயில் தாழ்ந்த பிறகு மறுபடி அழைத்து வருகிறவர்களுக்கு ஐந்து வயதுக்கு மேல் வண்டியே தேவைப்படாமல் போகலாம். அப்படிச் செய்ய இயலாதவர்கள் ஏழு வயது வரையில் கூசாமல் ஒரு வண்டியை எடுத்துச் செல்லட்டும். காலையில் அதில் தண்ணீரும் மழைச் சட்டையும் ஏறி வரட்டும், குழந்தை நடக்கட்டும். கால் வலிக்கிறது என்று அது சொன்னால் நம்பி ஏற்றிக்கொள்ளட்டும். வெயிலுக்காக வண்டியின் மேல் போர்வையைப் போட்டு மூடுவது மட்டும் கூடாது; காற்றோட்டம் நின்று உள்ளே சூடு ஏறிவிடும்.

எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் நாம் சொல்லக்கூடியது வேறு. காலுக்குப் பழகிய ஜோடுகளை அணிந்துகொள்ளும்படியும், பிரயாணத்துக்கு ஒரு மாதம் முன்பிருந்தே தினம் ஒரு மைல், இரண்டு மைல் நடந்து பழகும்படியும் சொல்லலாம். அன்று எதைப் பார்ப்பது, எதை விட்டுவிடுவது என்ற ஆலோசனையில் அவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். தானே வகுத்த பாதையில் நடக்கும் பிள்ளை களைப்பைச் சொல்லாமல் நடக்கிறது. பிறர் இழுத்த இழுப்புக்கு நடக்கும் பிள்ளைதான் அரை மைலில் தரையில் உட்கார்ந்துவிடுகிறது. நாட்டுக்குப் பொருந்தும் இந்த உண்மை வீட்டுக்கும் பொருந்தும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.