ஒரு பெயருக்கு ஒரு மைல்

போரிலே மாண்டவர்களைப் பற்றிப் பேசும்பொழுது உலகம் பெரும்பாலும் எண்களாலேயே பேசுகின்றது. ஆயிரம் என்கின்றது, பதினாயிரம் என்கின்றது. கேட்கும் நாமும் ஒரு கணம் இரங்கிவிட்டு அடுத்த செய்திக்குச் சென்றுவிடுகின்றோம். இழப்பைச் சுமக்கும் வீட்டிலோ எண்ணுக்கு இடமில்லை. அங்கே இருப்பது ஒரு பெயர். எண்ணை மீண்டும் பெயராக்குவது எங்ஙனம் என்ற கேள்விக்கு அமெரிக்க மக்கள் கண்ட விடைகளுள் ஒன்று, கொடியைக் கைமாற்றிக் கைமாற்றி எடுத்துச் செல்லும் தொடர் நடையாகும். நாம் குடியிருக்கும் அமெரிக்கச் சிற்றூரில் அத்தகைய நடையொன்றை ஒழுங்கு செய்த குழுவில் நமக்கும் ஓர் இடம் கிடைத்தது. அதன் வரலாற்றையே இங்கு வாசகர்க்குக் கூற விரும்புகின்றோம்.

அந்நாட்டில் மே மாதத்துக் கடைசித் திங்கட்கிழமை, படைப்பணியில் உயிர் நீத்தோரின் நினைவு நாள். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரின் துயரிலே பிறந்த நாள் அது. 1868ஆம் ஆண்டு மே 30ஆந் திகதி கல்லறைகளுக்கு மலர் சூட்டுமாறு ஜெனரல் ஜோன் லோகன் விடுத்த வேண்டுகோளால் அது நாடெங்கும் பரவியது. 1971 முதல் கடைசித் திங்களுக்கு மாறியது. தலைநகரின் அருகேயுள்ள ஆர்லிங்டன் மயானத்தில் 1948 தொடக்கம் படைவீரர் இந்நாளை ஒட்டி ஒவ்வொரு கல்லறைக்கும் ஒரு சிறு கொடி நாட்டி வருகின்றனர். கல்லுக்கும் கொடிக்கும் இடையே ஒரு பாதத்தின் நீளம் இருக்க வேண்டும் என்பது வழக்கம். அளவுகோல் வேண்டியதில்லை, வீரரின் சப்பாத்தே அளவுகோல்.

2008ஆம் ஆண்டுக் கோடையில் சிலர் ஈராக் போரில் மாண்ட அமெரிக்க வீரர் ஒவ்வொருவருக்கும் ஒரு மைல் என்று கணக்கிட்டு, கலிபோர்னியாவிலிருந்து ஆர்லிங்டன் வரை நாட்டின் குறுக்கே ஓடினார்கள். மைலுக்கு மைல் நின்று, ஒருவருடைய பெயரட்டையையும் கொடியையும் நாட்டி, அடுத்த மைலைத் தொடங்கினார்கள். நாலாயிரம் என்னும் எண் அவர்களுடைய கால்களுக்கு விளங்கியதுபோல் பத்திரிகை படிப்போர் எவருக்கும் விளங்கியிராது.

எமது குழு இதே முறையைத் தனக்கு ஏற்றவாறு சுருக்கிக்கொண்டது. ஊர் நடுவே உள்ள நினைவுக் கல்லில் 14 பெயர்கள் உள்ளன. ஆகவே 14 மைல் நடை. ஒரு மைல் நடக்கவும், பெயரும் வயதும் வாசிக்கவும், கொடியைக் கைமாற்றவும் 25 நிமிடம் என்று கணக்கிட்டோம். நினைவு நாளன்று பிற்பகல் 3 மணிக்கு நாடு முழுவதும் ஒரு நிமிடம் மௌனம் காக்கும் வழக்கம் 2000ஆம் ஆண்டில் ஏற்பட்டது. அந்த நேரத்துக்கு முன் கல்லை அடைவதற்காகக் காலை 8.30க்குப் புறப்படத் தீர்மானித்தோம். நகரசபையிடம் தெருவுக்கு அநுமதி, சந்திகளில் பொலிஸாரின் உதவி, பின்னால் மெதுவாக வர ஒரு வாகனம், முதியோருக்கும் சிறுவருக்கும் அரை மைற் பங்கு, சக்கர நாற்காலியில் வருவோருக்குச் சமதரையான பகுதி என்று வேலைகள் பெருகின. கொடி நிலத்திற் படலாகாது என்பது அந்நாட்டுக் கொடி விதி. எனவே ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவருக்கு இருவராக ஆள் நியமித்தோம்.

எல்லாம் முடிந்தது என்றிருந்த வேளையில் ஒரு தாய் குழுவின் முன் வந்தார். அவருடைய மகன் படையிற் சேர்ந்து, போர்முனையைக் காணுமுன்பே பயிற்சி விபத்தொன்றில் இறந்தவன். கல்லில் அவன் பெயர் இல்லை. "அவனுக்கும் ஒரு மைல் உண்டா?" என்று கேட்டார்.

குழுவிலே கருத்து பிளந்தது. போரிலே வீழ்ந்தவருக்குரிய சிறப்பை விரித்துக்கொண்டே போனால் அதன் பொருள் குறையும் என்றார் சிலர். புதிய மைலுக்குப் புதிய அநுமதி வேண்டுமே என்றார் வேறு சிலர். அப்பொழுது ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர் ஒருவர் எழுந்து, இந்த நாளுக்குக் காரணமான உள்நாட்டுப் போரில் இறந்தவருள் பெரும்பாலோர் குண்டடியாலன்றி நோயாலேயே இறந்தனர் என்பதை நினைவூட்டினார். முதன்முதல் மலர் சூட்டியவர்கள், இவர் எதனால் இறந்தார் என்று கல்லறைதோறும் விசாரித்தார்களா என்று கேட்டார். அதன்பின் எவரும் மறுத்துரைக்கவில்லை. நடை 15 மைலாயிற்று. சேர்த்த மைல் அந்தத் தாயின் வீட்டு வாசலைக் கடந்து சென்றது.

இவ்வளவும் நடந்தபொழுது நமது உள்ளத்தில் ஒரு தயக்கம் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. போரிலிருந்து தப்பி வந்த குடும்பம் நம்முடையது. படையின் கொடியைக் காணும்பொழுது பிறர் உள்ளத்தில் எழும் பெருமிதம் நமக்கு எளிதில் எழுவதில்லை. எம்முடன் வாழும் பெரியம்மாவின் மகன் 1990இல் காணாமற் போனவர். கல்லறையும் இல்லை, கல்லும் இல்லை, இறந்தார் என்ற உறுதியும் இல்லை. இந்த நடைக்குப் போவதா, விடுவதா என்று அவரிடமே கேட்டோம். அவர் கொடியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "தம்பி, அந்தப் பெடியன்ரை பேரை ஆர் வாசிக்கினம்? தாய்க்குக் கேக்கிற மாதிரி உரத்து வாசிக்கச் சொல்லுங்கோ" என்றார். நமது தயக்கத்துக்கு அதற்கு மேல் விடை வேண்டியிருக்கவில்லை. போரைப் புகழ்வது வேறு. ஒரு தாயின் பிள்ளையைப் பெயர் சொல்லி அழைப்பது வேறு.

நடை நாளன்று வெயில் கடுமையாக இருந்தது. நண்பகல் வரை ஊர்க் கம்பத்திற் கொடி அரைக்கம்பத்திலே பறந்தது. நண்பகலில் உச்சிக்கு ஏற்றப்பட்டது. அந்த நாளுக்குரிய முறை அது. முற்பகல் மாண்டவருக்கு, பிற்பகல் வாழ்பவர் செய்யவேண்டிய கடமைக்கு என்று அதற்குப் பொருள் கூறுகின்றார்கள்.

புதிய மைலில் பெயர் வாசிக்கும் பொறுப்பு ஒரு பாடசாலை மாணவிக்கு. அந்தக் குடும்பப் பெயர் உச்சரிப்பதற்குக் கடினமானது. ஒரு வாரமாகப் பழகியிருந்தாள். உரத்து வாசித்தாள். வயது 20 என்றாள். வாசலில் நின்ற தாய் அழவில்லை. "சரியாகச் சொன்னாய், பிள்ளை" என்று அவளது தோளைத் தொட்டார். தேசிக்காய்த் தண்ணீர்ப் பாத்திரத்துடன் அங்கே வந்து நின்ற பெரியம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது; அந்தத் தாய்க்குத் தமிழ் தெரியாது. கொடி அடுத்த தெருவுக்குத் திரும்பி மறையும் வரை இருவரும் அருகருகே நின்றார்கள். பிற்பகல் 2.45க்கு நடை கல்லை அடைந்தது.

அன்றிரவு பெரியம்மா தம் மகனின் முழுப்பெயரையும், பிறந்த நாளையும், அவர் படித்த பாடசாலையையும் நம் பிள்ளைகளுக்குச் சொன்னார். அவர்கள் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். அதுவரை அவரை அவர்கள் ஒரு படமாக மட்டுமே அறிந்திருந்தனர்.

மாண்ட வீரனின் பெயரைக் கல்லிற் பொறித்து நாட்டும் முறை தமிழர்க்குப் புதியதன்று. நடுகல் அமைப்பதை, கல்லைத் தேடிக் காண்பது முதல் வாழ்த்துவது வரை ஆறு படிகளாகத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. நம் நாட்டில் 2009 மே மாதத்தில் முடிந்த போர் எத்தனையோ வீடுகளில் எழுதப்படாத பெயர்களை விட்டுச் சென்றுள்ளது. எம்மொழி பேசுவோராயினும், எப்பக்கத்தில் நின்றோராயினும், எவ்விதம் இறந்தோராயினும், அவர்களை அறிந்த முதியோர் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர். மாணவர்கள் தத்தம் வீட்டுப் பெரியோரிடம் இன்றே அமர்ந்து, பெயரையும் வயதையும் பிழையறக் கேட்டு எழுதி வைப்பார்களாக. அதற்கு நகரசபையின் அநுமதி வேண்டியதில்லை. ஒரு கொப்பியும், கேட்கும் பொறுமையும் போதும்.