மண்ணில் விழுந்த சொட்டு

பேரன் சூரியநெல்லியில் இருந்துகொண்டு கொழுக்குமலைக்கு ஜீப் ஓட்டுகிறான். பதினைந்து நாளைக்கு ஒருமுறை போடிக்கு வந்து, இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவான். அவன் வண்டி வாசலைவிட்டு நகர்ந்ததும் என் கால் தானாக அது நின்ற இடத்துக்குப் போகும். குனிந்து மண்ணைப் பார்ப்பேன். முன்பக்கம் ஈரம் என்றால் இன்ஜின். பின் சக்கரங்களுக்கு நடுவே என்றால் டிஃபரன்ஷியல். வண்டியின் நடுவயிற்றுக்கு நேர்கீழே கறுப்பாக, பிசுபிசுப்பாக, கந்தக வாடையோடு ஒரு சொட்டு கிடந்தால் மட்டும் எனக்கு அன்று முழுவதும் மனசு நிலைகொள்ளாது. அது டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில்.

நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி ஓட்டாதவர்களுக்கு இந்தப் பெட்டியைப் பற்றித் தெரிந்திருக்க நியாயம் இல்லை. இன்ஜினின் சுழற்சி கியர் பாக்ஸுக்கு வருகிறது. அங்கிருந்து முன் சக்கரத்துக்கு ஒரு பங்கும் பின் சக்கரத்துக்கு ஒரு பங்கும் போக வேண்டும். வாய்க்காலில் வருகிற தண்ணீரை மேல்வயலுக்கும் கீழ்வயலுக்கும் பிரித்து விடுகிற மடை மாதிரி, அதைப் பிரித்து விடுவது டிரான்ஸ்ஃபர் கேஸ். நான் ஓட்டியது மகிந்திரா சிஜே 3பி. அதில் இருந்தது ஸ்பைசர் 18 என்கிற பெட்டி. 1941இல் அமெரிக்க ராணுவத்துக்காக வில்லீஸ் கம்பெனி ஜீப் செய்யத் தொடங்கியபோதே அதில் வைத்த பெட்டி அது. உள்ளே செயின் கிடையாது, எல்லாம் பல்சக்கரம். கியர் லிவருக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு சிறிய லிவர்கள் நிற்கும். ஒன்று முன் சக்கரத்தைச் சேர்க்க, மற்றது லோ கியருக்கு. லோவில் போட்டால் வேகம் குறைந்து இழுவை ஏறத்தாழ இரண்டரை மடங்காகும். கணக்குப்படி 2.46. பதினைந்து பெண்களை ஏற்றிக்கொண்டு ஏலக்காட்டுச் சேற்றில் ஏறுகிற வண்டிக்கு உயிரே அந்த லோ கியர்தான். அத்தனை வேலை செய்கிற பெட்டி குடிப்பது சுமார் ஒன்றரை லிட்டர் ஆயில்.

1974இல் போடியில் ஒரு பட்டறையில் கைப்பையனாகச் சேர்ந்தேன். மேஸ்திரி அதிகம் பேசமாட்டார். முதல் வாரம் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலை இறக்கச் சொன்னார். நான் அடியில் படுத்து, கீழ் பிளக்கில் ஸ்பேனரை வைத்தேன். காலால் என் தோளைத் தட்டி நிறுத்தினார்.

"மேல் பிளக்க மொதல்ல கழட்டுடா."

"ஏன் மேஸ்திரி, எப்படியும் ரெண்டையும் கழட்டணும்ல?"

"கீழ கழட்டி ஆயிலப் பூரா எறக்கிட்டே. மேல் பிளக்கு துருப்பிடிச்சு வரமாட்டேங்குது. இப்ப எப்படி ஊத்துவ? வண்டிக்காரன்ட்ட என்ன சொல்லுவ?"

ஊற்றுகிற வழி திறந்திருக்கிறதா என்று தெரியாமல் இறக்குகிற வழியைத் திறக்கக் கூடாது. அம்பது வருடமாக எத்தனையோ இடத்தில் இது என் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. அடுத்த வேலை கைக்கு வராமல் இருக்கிற வேலையை விட நினைத்தபோது, பெண்ணுக்கு வரன் உறுதியாகாமல் நிலத்துக்கு அட்வான்ஸ் வாங்க நினைத்தபோது, மேஸ்திரியின் கால் என் தோளில் பட்டது.

இறங்கிய ஆயிலை அவர் கொட்டவிட மாட்டார். தகரத் தட்டில் பிடித்து, பழைய ஸ்பீக்கரிலிருந்து உடைத்த காந்தத்தை அதற்குள் போடுவார். கொஞ்ச நேரம் கழித்துக் காந்தத்தை எடுத்து விரலால் வழிப்பார். சாம்பல் மாதிரி நைசாக வந்தால் அது தேய்மானம், ஓடுகிற வண்டிக்கு உள்ளது. நெருடுகிற துகள் வந்தால் பேரிங்கோ பல்லோ உடைகிறது என்று அர்த்தம். ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. தண்ணீர் எப்படிப் புகும் என்று நான் கேட்டதுக்கு அவர் சொன்ன விளக்கம்தான் நான் படித்த இயற்பியல். ஓடி ஓடிச் சூடான பெட்டி திடீரென்று காட்டாற்றுத் தண்ணீரில் முங்குகிறது. உள்ளே இருக்கிற காற்று குளிர்ந்து சுருங்குகிறது. சுருங்கினால் வெளியிலிருந்து உறிஞ்சும். மூச்சுத் துளை அடைத்துக்கொண்டு, ஷாஃப்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கிற ரப்பர் சீலும் லேசாகத் தேய்ந்திருந்தால் உறிஞ்சுவது காற்றாக இருக்காது, ஆற்றுத் தண்ணீராக இருக்கும். அதே மூச்சுத் துளை அடைத்திருக்கும்போது பெட்டி சூடேறினால் உள் அழுத்தம் ஆயிலைச் சீல் வழியே வெளியே தள்ளும். அதனால் மழைக்காலத்தில் ஓடை தாண்டி வந்த வண்டி என்றால் மறுநாளே பிளக்கைக் கழற்றி ஆயில் நிறம் பார்த்துவிடுவேன்.

நான் சொல்ல வந்தது 1983இல் நடந்தது. அப்போது பட்டறையை விட்டு, கூலிக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். அதிகாலையில் ஊர் ஊராகப் பெண்களை ஏற்றி, போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டங்களில் விடுவேன். சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவேன். இருட்டில் எழுந்து சோறாக்கி, தூக்குவாளியில் அடைத்து, பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வருகிறவர்கள். வண்டி ஏறியதும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிவிடுவார்கள். அத்தனை பேர் என்னை நம்பித் தூங்குகிறார்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கச் சீல் ஒழுகிக்கொண்டிருந்தது. மூன்று வாரமாக எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மேல் பிளக்கைத் திறந்து, விரலை விட்டுப் பார்த்து, குறைந்த அளவுக்குத் தொண்ணூறு நம்பர் கியர் ஆயிலை ஊற்றி மூடிவிடுவேன். மட்டம் சரியாகிவிடும். வண்டியைக் கவனித்துக்கொள்கிற ஆள் என்று எனக்கு என்மேல் ஒரு திருப்திகூட இருந்தது. சீல் மாற்ற ஒரு நாள் வண்டி நிற்க வேண்டும், ஒரு நாள் கூலி போகும். ஊற்றுவதற்குப் பத்து நிமிஷம்.

அந்த ஜீப்பில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், ஷாஃப்ட் வெளியே வருகிற இடத்திலேயே ஒரு டிரம் வைத்து அதில் பிரேக் பிடிக்கும். சீல் ஒழுகினால் ஆயில் முதலில் போய்ச் சேருவது அந்த டிரம்முக்குள்தான். மண்ணில் விழுந்தது மிச்சச் சொட்டு. பட்டறையில் எட்டு வருடம் இருந்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்ததை அந்த மூன்று வாரமும் நான் நினைத்துப் பார்க்கவில்லை.

தோட்டத்துப் பாதையில் ஒரு கிளை முறிந்து கிடந்தது. ஏற்றம். பேட்டரி வீக்காக இருந்ததால் இன்ஜினை அணைக்காமல், நியூட்ரலில் விட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினேன். கிளையில் கை வைத்திருப்பேன், பின்னால் ஒரு கிழவியின் குரல்.

"டைவரு, வண்டி நகருதுப்பா!"

திரும்பினால் வண்டி பின்னால் போகிறது. பாதிப்பேர் தூக்கத்தில். கிளீனர் பையன் கையில் கிடைத்த கல்லைப் பின் சக்கரத்துக்குக் கொடுத்தான். சக்கரம் அதன்மேல் ஏறி இறங்கிவிட்டது. அவன் விடவில்லை, இன்னொரு பெரிய கல்லை இரண்டு கையாலும் உருட்டி வைத்தான். அதில் வண்டி தட்டித் தயங்கிய நேரத்தில் நான் ஓடி ஏறி ஃபுட் பிரேக்கை மிதித்தேன். பின் சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவில் ஒரு முழம் மண்ணும், ஒரு ஏலச் செடியும் இருந்தன. யாருக்கும் அடி இல்லை. அந்தக் கிழவி இறங்கி என்னைத் திட்டியிருந்தால் தேவலை. தண்ணீர்ப் பாத்திரத்தைத் திறந்து, "குடி தம்பி, கை நடுங்குது பாரு" என்றார்.

அன்றே வண்டியைப் பழைய மேஸ்திரியிடம் கொண்டு போனேன். ஷாஃப்டைக் கழற்றி, டிரம்மைக் கழற்றினோம். பிரேக் லைனிங் ஆயிலில் ஊறி, எண்ணெயில் போட்ட ஊறுகாய்த் துண்டு மாதிரி இருந்தது. பெட்ரோலில் கழுவித் திரும்பப் போடலாமா என்று கேட்டேன். லைனிங் உள்ளே குடித்த ஆயில், டிரம் சூடேறினால் மறுபடி வெளியே வரும், புதுசு போடு என்றார். நான் புதுச் சீலைக் கையில் எடுத்தேன். அதையும் வாங்கி ஓரமாக வைத்துவிட்டார்.

ஷாஃப்டை மாட்டுகிற யோக்கைத் துடைத்து, சீல் உரசுகிற இடத்தில் கட்டைவிரல் நகத்தை ஓட்டினார். என் நகத்தையும் ஓட்டச் சொன்னார். நகம் ஒரு பள்ளத்தில் இறங்கியது. ரப்பர் உதடுதான், ஆனால் மண்ணும் சேர்ந்து உரசி இரும்பில் கோடு போட்டுவிட்டது. அந்தக் கோட்டின் மேலேயே புதுச் சீல் உட்கார்ந்தால் பத்தே நாளில் மறுபடி ஒழுகும். அதனால் சீலை ஒரு நூல் உள்ளே தள்ளி, உதடு தேயாத இரும்பில் படுகிற மாதிரி வைத்தார். பிறகு ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தார். ஆட்டம் இருந்தது. மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே இருக்கிற மெல்லிய ஷிம் தகடுகளில் ஒன்றை எடுத்து, மறுபடி இறுக்கி, அசைத்துப் பார்த்தார். ஷாஃப்ட் ஆடுகிற பெட்டியில் எந்தச் சீலும் நிற்காது. சீலைக் குறை சொல்லிக்கொண்டே வருடம் முழுக்கச் சீல் மாற்றிக்கொண்டிருப்போம். சீல் உதட்டில் கிரீஸ் தடவி, மரக்கட்டை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டி ஏற்றினார். கெட்டித் தாளைப் பெட்டி விளிம்பில் வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டியே பேக்கிங் வெட்டினார். கியர் பாக்ஸ் ஆயிலையும் சேர்த்து இறக்கினோம். இரண்டும் ஒட்டிப் பிறந்த பெட்டிகள். ஆயில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்வரும், ஒன்றை மட்டும் பார்த்து மட்டம் சொல்ல முடியாது.

இரண்டு நாள் கூலி போனது. அந்த இரண்டு நாளும் மேஸ்திரி என்னைத் திட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிறகு எனக்கு அறுபது வயதானபோது, வீட்டில் மனைவிக்குச் சாயங்காலமானால் கால் வீங்க ஆரம்பித்தது. நாள் பூரா நிற்கிறேனே, அதுதான் என்பாள். தைலம் தேய்த்து விடுவேன். காலையில் வடிந்திருக்கும். இரண்டு வாரம் தேய்த்தேன். ஒரு ராத்திரி தைல பாட்டிலை மூடும்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மூடிய அந்த மேல் பிளக் ஞாபகம் வந்து, உட்கார்ந்த இடத்தில் உடம்பு வியர்த்துவிட்டது. விடிந்ததும் கூட்டிக்கொண்டு போய் ரத்தமும் சிறுநீரும் பரிசோதித்தோம். சர்க்கரை அவள் சிறுநீரகத்தைத் தொட ஆரம்பித்திருந்தது. ஆரம்பம்தான் என்றார் டாக்டர். உப்பைக் குறைத்து, மாத்திரை எடுத்துக்கொண்டு, இன்றைக்கும் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்கிறாள்.

இளம் டிரைவர்களைப் பார்த்தால் இன்னொன்றும் சொல்வேன். தார் ரோட்டில் ஃபோர் வீல் போடாதீர்கள். வளைவில் முன் சக்கரம் ஒரு தூரம் போகும், பின் சக்கரம் வேறு தூரம் போகும். சேற்றில் சக்கரம் வழுக்கி அதைச் சரிக்கட்டிக்கொள்ளும். தாரில் வழுக்க இடமில்லாமல் அந்த முறுக்கு முழுவதும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் ஏறும். லிவர் இறுகி வெளியே வராது. பலத்தால் இழுக்காமல், வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுத்தால் முறுக்கு அவிழ்ந்து லிவர் தானாக வரும். இன்றைய வண்டிகள் பலவற்றில் உள்ளே செயின் ஓடுகிறது. அவை தொண்ணூறுக்குப் பதில் சிவப்பு நிற ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் கேட்கின்றன. கைக்கு வந்ததை ஊற்றாமல் புத்தகத்தைப் பார்த்து ஊற்றுங்கள்.

போன மாதம் பேரன் வந்தபோது மண்ணில் சொட்டு இருந்தது. பழைய ஜீப்தான் அவனதும். ஆயிலை இறக்கிப் பார்த்துவிடலாம் என்று அடியில் படுத்தான். நான் காலால் தோளைத் தட்டவில்லை, முழங்கால் ஒத்துழைக்காது. "மேல் பிளக்கு" என்று மட்டும் சொன்னேன். அது வரவில்லை. ஸ்பேனரில் குழாயை மாட்டி நெம்பப் போனான், வேண்டாம் என்றேன். பிளக்கைச் சுற்றி டீசல் விட்டு, துணி சுற்றி, அப்படியே விட்டோம். மறுநாள் காலை ஏழு மணிக்குச் சவாரி இருக்கிறது தாத்தா என்றான். போன் பண்ணி வேறு வண்டி சொல்லிவிடு என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, போன் பண்ணிச் சொன்னான்.

விடிந்து ஸ்பேனரை வைத்ததும் பிளக் கிறீச்சென்று ஒரு சுற்று வந்தது. பிறகு கீழ் பிளக்கைத் திறந்தோம். ஆயில் கறுப்பு, பால் காபி நிறம் இல்லை. தட்டில் காந்தத்தைப் போட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்து, எடுத்து விரலால் வழித்துத் தேய்த்தேன். விபூதி மாதிரி நைசாக இருந்தது. ஒரு துகள்கூட நெருடவில்லை. அவன் விரலைப் பிடித்து அதில் கொஞ்சம் தடவினேன்.