ஆங்கில பாஷையின் அஞ்ஞாத வாசம்

ஆங்கில இலக்கியம் கற்கப் புகுந்தவர்களுக்கு முதன் முதலில் கிடைப்பது கவிதையும் அல்ல, நாடகமும் அல்ல, ஓர் அட்டவணைதான். ஆங்கிலோ-ஸாக்ஸன் காலம், மத்திய காலம், எலிஸபெத் காலம், பியூரிடன் காலம், ரொமாண்டிக் காலம், விக்டோரியா காலம் என்று அது படிப்படியாக இறங்கி வரும். நாமும் ஒரு சமயம் அதை நவக்கிரக ஸ்தோத்திரம் போல் உருப்போட்டுப் பரீட்சையில் ஒப்பித்தவர்கள்தாம்.

அட்டவணை சௌகரியமானது, ஆனால் முழு உண்மையையும் சொல்வதன்று. ஷேக்ஸ்பியரை எலிஸபெத் காலத்துக் கவி என்கிறோம். அந்த ராணி 1603-ம் வருஷத்தில் காலமான பிறகே ‘லியர் அரசன்’, ‘மாக்பெத்’ ஆகிய நாடகங்கள் எழுந்தன. மில்டனைப் பியூரிடன் காலத்தில் உட்கார வைக்கிறோம். அவருடைய ‘இழந்த சுவர்க்கம்’ வெளிவந்த 1667-ம் வருஷத்துக்கு ஏழு வருஷம் முன்பே பியூரிடன் ஆட்சி மறைந்து, மன்னராட்சி திரும்பிவிட்டது. கவிகள் பஞ்சாங்கம் பார்த்துக்கொண்டு எழுதுவதில்லை அல்லவா?

இவை சில்லறை விஷயங்கள். அட்டவணை ஒரே வரியில் தாண்டிச் செல்லும் ஒரு நீண்ட காலம் உண்டு. நம்மைப் போன்றவர்கள் நின்று நிதானித்துப் பார்க்க வேண்டியது அதைத்தான்.

1066-ல் நார்மண்டியின் பிரபுவான வில்லியம் இங்கிலாந்தை வென்றான். அதற்கு முன்பே ஆங்கிலம் இலக்கிய வளம் பெற்ற பாஷை. 3,182 அடிகள் கொண்ட ‘பியோவுல்ப்’ என்னும் வீர காவியம் அதில் இருந்தது. 899-ல் காலமான ஆல்பிரட் மன்னர், லத்தீன் கிரந்தங்களைத் தம் மக்களின் மொழியில் பெயர்க்கும் பணியில் தாமே ஈடுபட்டவர். அப்பேர்ப்பட்ட பாஷை தன் சொந்த வீட்டிலேயே அந்நியமாயிற்று. அரண்மனையில் பிரெஞ்சு, ஆலயத்திலும் தஸ்தாவேஜுகளிலும் லத்தீன். விராட நகரில் பீமன் மடைப்பள்ளியிலும், திரௌபதி அந்தப்புரத்துப் பணியிலும் மறைந்து வாழ்ந்தது போல, ஆங்கிலம் அடுப்பங்கரையிலும் வயற்காட்டிலும் அஞ்ஞாத வாசம் செய்தது. பாண்டவர்களுக்கு ஒரு வருஷம். ஆங்கிலத்துக்கோ ஏறக்குறைய முந்நூறு வருஷம்!

நம் கிராமத்துக் குடியானவரும் அறிந்த கோர்ட்டு, ஜட்ஜு, ஜெயில் என்னும் சொற்கள் ஆங்கிலேயருக்கே தங்களை வென்றவர்களிடமிருந்து வந்தவை. அம்மாவுக்கும் ரொட்டிக்கும் வீட்டுக்கும் அவர்கள் வழங்கும் சொற்களோ பழைய சொற்களே. அதிகாரம் எந்த பாஷையில் பேசிற்று, அன்பு எந்த பாஷையில் பேசிற்று என்பதற்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை.

அக்காலம் வெறும் மௌனமும் அன்று. பீட்டர்பரோ மடத்துத் துறவிகள் 1154 வரையில் தாய்மொழியிலேயே சரித்திரக் குறிப்பு எழுதி வந்தார்கள். அதற்குச் சில தலைமுறைகளுக்குள், செவர்ன் நதிக்கரையில் லாயமன் என்னும் பாதிரியார் சுமார் 16,000 அடிகளில் ஒரு காவியம் பாடினார். தவ வாழ்க்கை பூண்ட பெண்களுக்காக நல்ல ஆங்கில வசனத்தில் ஒரு வழிகாட்டி நூலும் எழுந்தது. சபையில் இடம் இல்லாத பாஷைக்கு வீட்டில் விளக்கு அணையவில்லை.

பிறகு காலம் மாறிற்று. 1337-ல் பிரான்ஸுடன் நெடும் போர் மூண்டது. 1362-ல் நியாய ஸ்தலங்களில் ஆங்கிலத்தில் வாதிக்க வேண்டும் என்று சட்டம் பிறந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டது! நீதிமன்றப் பதிவுகள் லத்தீனை அடியோடு விட்டது 1733-ல்தான்.

பள்ளிகளிலும் மாறுதல் வந்தது. பிள்ளைகள் பிரெஞ்சை விட்டு ஆங்கிலத்தின் வழியாகப் பாடம் கற்பதை ஜான் டிரெவிஸா என்பவர் 1385-ல் குறித்து வைத்தார். குறைந்த காலத்தில் இலக்கணம் வந்துவிடுகிறது, அது லாபம்; பிரெஞ்சு தெரியாததால் கடல் கடந்து போனால் தவிக்க நேரும், அது நஷ்டம் என்று நிறுத்துப் பார்த்தார். குழந்தையை எந்த மொழியில் படிக்க வைப்பது என்று நம் வீட்டுக் கூடத்தில் நடக்கும் விவாதம் இதுவே அன்றோ?

அந்தத் தலைமுறையில்தான் சாஸர் தோன்றினார். பிரெஞ்சும் இத்தாலியமும் அறிந்தவர். சுங்க இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். பிற மொழிகளின் செல்வத்தை வெறுக்காமல் வாரிக்கொண்டு வந்து தாய்மொழியில் கொட்டினார். அவர் காலமான 1400-க்குப் பின், 1476-ல் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவினார். ஆயினும் தயக்கம் எளிதில் தீரவில்லை. 1687-ல் நியூட்டன் தம் பெருநூலை லத்தீனிலேயே வெளியிட்டார். ஒளியைப் பற்றிய நூலை 1704-ல்தான் ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

சாஸ்திரம் எழுதத் தமிழில் வார்த்தை ஏது என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. அதே ஐயப்பாடு ஒரு காலத்தில் ஆங்கிலத்தின் வாசலிலும் நின்றது. வார்த்தைகள் வந்து சேர்ந்த பிறகு அவர்கள் எழுதத் தொடங்கவில்லை. எழுதத் தொடங்கியதனால் வார்த்தைகள் வந்து சேர்ந்தன. அட்டவணையை மறந்தாலும் பாதகமில்லை. இந்த ஒரு பாடத்தை மறவாதிருப்போமாக.