பக்கலா மீனும் மன்னார்குடி நிலக்கரியும்

இஞ்ச பலெர்மோவில, நான் நிக்கிற ரெஸ்ரோறன்ற் குசினியில உப்பிட்ட பக்கலா மீனை ஊறப்போடுறது என்ர வேலை. எங்கட கருவாடு மாதிரித்தான், ஆனா நல்ல தடிப்பு. போன கிழமை புதுசா வந்த பெடியன் கேட்டான், "அண்ணை, இந்தத் துண்டு ரெண்டு மடங்கு தடிப்பு. ரெண்டு மடங்கு நேரம் விட்டாக் காணும்தானே?" காணாது தம்பி, நாலு மடங்கு வேணும் எண்டன். நம்பேல்லை.

யாழ் பல்கலைக்கழகத்தில கணிதத்தை அரைகுறையில விட்டவன் நான். மண்டையில மிஞ்சின ஒண்டிரண்டு விசயத்தில இது ஒண்டு. 1855இல அடொல்ஃப் ஃபிக் எண்ட ஜேர்மன் உடலியல் அறிஞர், தண்ணிக்குள்ள உப்புப் பரவுறதை அளந்துதான் தன்ர விதியை எழுதினவர். பரவ எடுக்கிற நேரம் தூரத்தின்ர வர்க்கத்தோட கூடும்.

இதே சமன்பாட்டைத்தான் நிலக்கரிக்குள்ள இருக்கிற மீத்தேனுக்கும் போடுறாங்கள். நிலக்கரியின்ர நுண்துளைச் சுவரில வாயு ஒட்டிக்கொண்டிருக்கும். சுத்தியிருக்கிற தண்ணியின்ர அமுக்கம் அதை விடாது. தண்ணியை இறைச்சு அமுக்கத்தைக் குறைச்சா, வாயு கழண்டு கரித்துண்டுக்குள்ளால மெல்லப் பரவி வெடிப்புகளுக்கு வரும். அதுக்குப் பிறகு டார்சி விதிப்படி ஓட்டம். துண்டை ஒரு உருண்டை எண்டு வைச்சா, எத்தனை நாளில எவ்வளவு வரும் எண்டு கணக்குப் போடலாம். உண்மையா வடிவான கணக்கு!

2010இல மன்னார்குடிப் பக்கம் இந்த வேலைக்கு இந்திய மத்திய அரசு ஒப்பந்தம் குடுத்தது. தஞ்சாவூர், திருவாரூர் விவசாயிகள் எதிர்த்தவை. நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராத் திரிஞ்சு பேசி, அந்தப் பிரச்சாரத்துக்கு நடுவிலயே 2013 டிசம்பர் 30இல பட்டுக்கோட்டைக்குக் கிட்டக் காலமானார். 2015இல தமிழ்நாடு அரசு திட்டத்தைத் தடை செய்தது. 2020இல டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டமும் வந்தது.

'விஞ்ஞானம் தெரியாத சனம் பயப்பிடுது' எண்டு ஒருத்தர் எனக்கே சொன்னவர். எனக்குக் கோவம்தான் வந்தது. தண்ணி இறைக்கிறது அந்தக் கணக்கில ஒரு எல்லை நிபந்தனை, ஒரேயொரு வரி. அந்த ஒரு வரிக்கு மேலதான் அவையின்ர வயலும் கிணறும் இருக்கு. சுண்ணாம்புக் கல்லுக்குள்ள கடல் தண்ணிக்கு மேல மிதக்கிற நல்ல தண்ணியைக் குடிச்சு வளந்த எங்களுக்கு இது விளங்க வேணும். வெங்காயத்துக்கு மிசின் வைச்சு இறைச்சு இறைச்சு எங்கட தோட்டக் கிணறு உவராப் போனது. ஐயாவுக்குச் சமன்பாடு தெரியாது. நாக்கில வைச்சுப் பாத்திட்டு, "இனி இறைக்காதேங்கோ" எண்டார். பிந்திப்போச்சு.

பெடியன் தடிச்ச துண்டைத் தன்ர கணக்குப்படியே எடுத்து வைச்சிட்டான். நடுவில கிள்ளி வாயில வைச்சுப் பாத்தன். கைப்பு உப்பு.