அக்காவோட கிளைம்

அக்காவோட எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் பணம் தர மாட்டோம்னுட்டாங்க இன்சூரன்ஸ்காரங்க.
'அழகுக்கான சிகிச்சை'ன்னு ஒரே வரி.

ராத்திரி மூக்குல மாஸ்க் மாட்டி, மெஷின் ஓடினாத்தான் அவளுக்குத் தூக்கமே.
இதுல அழகு எங்கங்க வந்துச்சு?

இந்த ஆபரேஷனுக்கு எப்போ கிளைம் உண்டுன்னு இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019-லயே தெளிவா சொல்லிருச்சு.
டாக்டர் பரிந்துரையோட பிஎம்ஐ குறைஞ்சது 40 இருக்கணும்.
இல்லன்னா குறைஞ்சது 35, கூடவே கட்டுக்கடங்காத சர்க்கரை, இதய நோய், கடுமையான ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்துல மூச்சு தடைபடுறது) மாதிரி ஒண்ணு.
மத்த வழியில எடை குறையலன்னும் காட்டணும்.

அக்காவுக்கு 37. ஆப்னியா ரிப்போர்ட், டயட்டீஷியன் சீட்டு எல்லாம் பத்திரமா இருக்கு.

முதல்ல கம்பெனியோட குறைதீர் பிரிவுக்கு எழுதுறோம்.
அங்கயும் நடக்கலன்னா இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கிற ஆம்பட்ஸ்மேன். சென்னையிலயே ஆபீஸ் இருக்கு, கட்டணம் கிடையாது.

உங்க வீட்லயும் இப்படி வந்தா விட்டுடாதீங்க. மறுப்பை எழுத்துல கேட்டு வாங்குங்க.