சந்தா முடிந்துவிட்டதாம்!

எங்கள் லயத்தில் நான்கு வீட்டுக்காரர் சேர்ந்து ஒரு மாத இதழுக்குச் சந்தா கட்டுகிறோம். வன்னியில் போருக்குள் வாழ்ந்து, 2009க்குப் பிறகு பசறைப் பக்கத்துத் தாய்வீட்டுத் தோட்டத்துக்கே திரும்பியவள் நான். மலையேறி வரும் அந்த இதழ் எனக்கு ஒரு தோழி மாதிரி.

பெரும்பாலான லயங்களில் வீட்டுக்கு வீடு முகவரி கிடையாது. கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கு மொத்தமாக வரும்; பிந்தியும் வரும், தவறியும் போகும். ஒரு மாதம் இதழ் வராவிட்டால் தபால் பிந்தியதா, சந்தா முடிந்ததா என்று தெரியாது. ஏமாற்றுபவருக்கு அதுவே போதும்.

கடந்த வருடம் ஒருவர் கையில் அந்த இதழோடு வந்தார். "சந்தா முடிந்துவிட்டது. இந்தக் கிழமைக்குள் புதுப்பித்தால் பாதி விலை" என்றார். போரில் கணவரை இழந்த பக்கத்து வீட்டு அக்கா 1,500 ரூபாய் கொடுத்துவிட்டார். கிடைத்த துண்டில் இலக்கமும் இல்லை, முத்திரையும் இல்லை.

இதழின் உள்ளே அச்சிட்டிருந்த இலக்கத்துக்கு அழைத்தோம். "இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. நாங்கள் யாரையும் அனுப்பவில்லை" என்றார்கள். பொலிஸில் முறைப்பாடு செய்தோம். பணம் திரும்பி வரவில்லை.

இது படிப்பறிவு குறைந்தவர்களுக்கு மட்டும் நடப்பதல்ல. பத்திரிகைகளின் அனுமதி இல்லாமலே புதுப்பித்தல் அறிவித்தல்களைத் தபாலில் அனுப்பிக் கூடுதல் பணம் வாங்கியவர்கள் மீது அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு 2016இல் வழக்குத் தொடர்ந்தது.

ஆகவே மூன்று விடயங்களை மனதில் வைப்போம். சந்தா முடியும் மாதத்தைக் கலண்டரில் குறித்து வைப்போம். பணம் கேட்பவர் தரும் இலக்கத்தை விட்டு, இதழில் உள்ள இலக்கத்துக்கே பேசுவோம். போனுக்கு வரும் இரகசிய இலக்கத்தை எவருக்கும் சொல்லோம். பொருள் விற்பவர், கேட்டால் பற்றுச்சீட்டு தரவேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். முறையிட 1977 என்ற இலக்கம் உண்டு.

அக்கா, "இனி எனக்கு வாசிப்பே வேண்டாம்" என்று மனமுடைந்து போனார். போன காசை விட எனக்கு அதுதான் வலித்தது. அடுத்த சந்தாவில் அவர் பங்கை மற்ற மூன்று வீட்டாரும் பகிர்ந்து கட்டினோம். இப்போது அவர் மகள் சத்தமாக வாசிக்க, அக்கா அடுப்படியிலிருந்தே கேட்கிறார். புரியாத இடத்தில் நிறுத்தச் சொல்லிக் கேள்வியும் கேட்கிறார்.