ஒட்டுப் போட்ட கண்

சென்ற மாதம் குடும்ப சகிதமாக ஜவ்வாது மலைக்குப் போயிருந்தோம். ஆலங்காயத்துக்கு அப்பால், மலைமேல் காவலூர் இருக்கிறது. அங்கேதான் வைணு பாப்பு வானாராய்ச்சி நிலையம். 2.34 மீட்டர் விட்டமுள்ள அதன் பெரிய தொலைநோக்கி 1986-ஆம் வருஷம் திறந்து வைக்கப்பட்டது. நாம் பார்க்கப் போனது வானத்தை. நினைத்துக் கொண்டிருந்ததோ நம் பேத்தியின் கண்ணை.

ஆறு மாதத்துக்கு முன் முப்பரிமாண சினிமா ஒன்றுக்கு அவளை அழைத்துச் சென்றோம். 1984-இல் "மை டியர் குட்டிச்சாத்தான்" பார்த்துப் பரவசமடைந்த பழைய ரசிகரல்லவா நாம்! மற்றக் குழந்தைகள் திரையிலிருந்து பாய்ந்து வந்த பந்தைக் கைநீட்டிப் பிடிக்க முயன்றார்கள். ஐந்து வயதுப் பேத்தியோ, "ஒன்றுமே வெளியே வரவில்லையே, தாத்தா!" என்றாள். "கண்ணாடியைச் சரியாய்ப் போட்டுக்கொள்!" என்று அதட்டினோம். நமக்கும் தலைவலி கண்டது. "இந்தப் படம் கண்ணைக் கெடுத்துவிடும்" என்று தீர்ப்புக் கூறினோம்.

கண் வைத்தியர் நம் தீர்ப்பை மாற்றி எழுதினார். நம் இரு கண்களுக்கும் இடையே சுமார் ஆறு சென்டிமீட்டர் தூரம். ஆகவே ஒவ்வொன்றும் சற்றே வேறான காட்சியைக் காண்கிறது. மூளை இரண்டையும் இணைத்து ஆழத்தை அறிகிறது. படத்தில் பந்து அருகே வருகையில் கண்கள் உட்புறம் திரும்புகின்றன. கண்ணின் வில்லையோ தூரத்துத் திரையையே பற்றி நிற்க வேண்டியிருக்கிறது. இந்த இழுபறிதான் தலைவலி. ஓய்வு கொடுத்தால் தீர்ந்துவிடும். ஆனால் ஆழமே தெரியாத குழந்தையை அவசியம் சோதிக்க வேண்டும் என்றார். சோதித்தார். பேத்தியின் இடது கண் மங்கல்; மூளை அதைத் தள்ளி வைத்திருந்தது. சினிமா கண்ணைக் கெடுக்கவில்லை. முன்பே இருந்த குறையைக் காட்டிக் கொடுத்தது!

மூக்குக் கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் ஒட்டுப் போட்டு மூடினோம். இளம் வயதில் கண்டுபிடித்தால் பலன் அதிகமாம்.

காவலூரில் இருட்டியதும், பார்வையாளருக்கான சிறு தொலைநோக்கியின் முன் குழந்தை நின்றாள். அதில் பார்க்க ஒரு கண் போதுமே! வலது கண் ஒட்டுக்குள் இருந்தது. இடது கண்ணை வைத்துச் சந்திரனை வெகுநேரம் பார்த்தாள்.

"தாத்தா, குழி குழியாய்த் தெரிகிறது!" என்றாள்.

அன்று அவள் சொன்னதை நாம் நம்பவில்லை. இன்று உடனே நம்பினோம்.